மதர்போர்டை மறந்துவிடாதீர்கள்

ஓவர்கிளாக்கிங், அதாவது ப்ராசஸரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, பற்றிய ஒரு கட்டுரை படித்தேன். ப்ராசஸரைக் குளிர்விக்க நல்ல கூலர் இருந்தால் போதும் என்பது போல் அது முடிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் ப்ராசஸர் பூட்டப்படாததா, அதாவது வேகத்தை நாமே கூட்ட விடுவதா என்று பார்க்க வேண்டும். இன்டெல்லில் பொதுவாகப் பெயரின் கடைசி எழுத்துகளில் கே இருக்கும், கூடவே இசட் வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள போர்டும் தேவை. ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன, பெரும்பாலான பி வரிசை போர்டுகளே போதும். ஆனால் ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது.

அப்புறம், பலரும் கவனிக்காத இடம் போர்டில் மின்னழுத்தத்தைச் சீராக்கி ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதி. மின்னழுத்தம் கூடினால் மின்செலவு அதன் வர்க்கத்தில் ஏறும். 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கினால், வேகத்தைத் தொடாமலே கணக்குப்படி சுமார் 27 சதவீதம் கூடுதல். அந்தச் சுமை முழுவதும் விஆர்எம் வழியாகத்தான் போகிறது. என் பழைய போர்டில் அதன் மேல் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கே கிடையாது. ப்ராசஸர் 70 டிகிரியில் நிம்மதியாக இருந்தபோதே வேகம் சட்டென்று விழும். விஆர்எம் சூடாவதுதான் காரணம் என்று புரிய ஒரு வாரம் ஆனது, கூலரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பவர் சப்ளையில் கொஞ்சம் கூடுதல் வாட் வைத்துக்கொள்ளுங்கள். ரேமைப் பிறகு பார்க்கலாம். போர்டு வாங்கும் முன் விஆர்எம் வெப்பநிலையை அளந்து காட்டும் விமர்சனம் ஒன்றையாவது தேடிப் படியுங்கள்.