ஞானஸ்நானம் பற்றிய திருத்தம்

திருகோணமலையில் மெதடிஸ்த சபையில் (புராட்டஸ்தாந்து சபைகளில் ஒன்று) ஞானஸ்நானம் பெற்றவரைக் கத்தோலிக்கர் கிறிஸ்தவராகவே ஏற்பதில்லை என்று எழுதப்படுவது தவறு. முறையாக ஞானஸ்நானம் பெற்ற பிற சபையினரும் கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டவர்களே என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அறிவித்தது. அந்த ஞானஸ்நானம் செல்லுமா என்பதில் தக்க ஐயம் இருந்தாலன்றி அதை மீண்டும் வழங்கக்கூடாது என்பது 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். நற்கருணையில் (அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்தில்) இன்னும் ஒன்றுசேர இயலாதது உண்மைதான், ஆனால் அது கோட்பாடு சார்ந்த வேறு விடயம். இரு சபையாருக்கிடையேயான கலப்புத் திருமணப் பேச்சில் ‘எங்கள் சபையே மூத்தது’ என்று பெரியவர்கள் (எங்கள் வீட்டாரும் விலக்கல்லர்) காட்டும் பெருமையைச் சபையின் போதனையாகக் காட்டுவது பொருந்தாது. இத்தகைய பெருமை பழையதே: கொரிந்து நகரின் ஆதிக் கிறிஸ்தவர்கள் தம் போதகர்களின் பெயரால் ‘நான் பவுலைச் சேர்ந்தவன்’, ‘நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று பிரிந்து நின்றபோது, தாம் அங்கே மிகச் சிலருக்கே ஞானஸ்நானம் கொடுத்ததற்காக, தம் பெயரில் அதைப் பெற்றதாக எவரும் சொல்ல முடியாதென்று, அப்போஸ்தலர் பவுல் கடவுளுக்கு நன்றி சொன்னார்.