லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்?

ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்ட் மீட்டிங் விவகாரம் இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைப்படி, மினரல் கார்ட்ரிட்ஜ், அதாவது ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினில் மாட்டித் தண்ணீருக்குத் தாது சேர்க்கும் குழல், விற்க வந்த தம்பியை நான் நிற்கவைத்துக் கேவலப்படுத்திவிட்டேனாம். நான் கேட்டது ஒரே கேள்வி. "இதை மாட்டினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் சேரும் தம்பி?"

"நூறு சதவீதம் நேச்சுரல் மேடம்" என்றார்.

சரி, எத்தனை மில்லிகிராம்?

"ஆல்கலைன் மேடம். இம்யூனிட்டி வரும்."

அந்தக் குழலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே கடுகு சைஸிலிருந்து பட்டாணி சைஸ் வரை வெள்ளை, கறுப்பு, செங்கல் நிறத்தில் உருண்டைகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் டிடிஎஸ் மீட்டரை எடுத்தார். தண்ணீரில் கரைந்திருப்பது மொத்தம் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிற கருவியாம். மாட்டுவதற்கு முன் 30, மாட்டிய பிறகு 80. கைதட்டல்! அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதை வைத்து ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். கரைந்திருப்பது கால்சியமா சமையல் உப்பா என்று அதற்குத் தெரியாது. 30-ஐ 80 ஆக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு கல் உப்பு போதும். வீட்டிலிருந்து எடுத்துவரட்டுமா என்று கேட்டேன். இதற்குப் பெயர்தான் கேவலப்படுத்துவது.

உடனே செயலாளர், "டீச்சர், இது ஸ்கூல் இல்லை, கெமிஸ்ட்ரி கிளாஸ் எடுக்காதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவர் பையனுக்குப் பிளஸ் டூ வேதியியலில் சந்தேகம் வந்தால் மட்டும் ராத்திரி பத்து மணிக்கும் இதே டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

கணக்கையாவது பாருங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர். கார்ட்ரிட்ஜ் தாராள மனதோடு லிட்டருக்கு 20 சேர்க்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு லிட்டர் குடித்தால் 40. சின்ன டம்ளரில் 100 மில்லி பால் குடித்தால் 120 பக்கம் வரும். 100 கிராம் கேழ்வரகில் 350 பக்கம் இருக்கிறது. கேழ்வரகு மாவு கிலோ என்ன விலை, அந்தக் குழல் என்ன விலை? அதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம்.

"உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கே" என்று ஆளாளுக்கு ஒரே பிடிஎஃப்பை அனுப்புகிறீர்கள். படித்தேன். 2005-இல் வந்த தொகுப்பு. தாது நீக்கிய தண்ணீரையே காலமெல்லாம் குடிப்பது நல்லதல்ல என்று அதில் ஒரு கட்டுரை இருப்பது உண்மைதான். மக்னீசியம் விஷயத்தில் எனக்கும் மறுப்பில்லை. கடல் நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் இஸ்ரேலில், அந்தத் தண்ணீரில் மக்னீசியம் இல்லாததற்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். பாட்டில் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்க வேண்டும் என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயும் விதி போட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லோரும் எண்ணில் பேசுகிறார்கள், லிட்டருக்கு இவ்வளவு என்று. அதே எண்ணை விற்கிறவரிடம் கேட்டால் மட்டும் நான் வில்லியா?

"அப்போ உங்க வீட்டில் ஏன் ஆர்.ஓ.?" எங்கள் போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் 1400. ஒரு டம்ளர் தருகிறேன், குடித்துவிட்டு வந்து கேளுங்கள்.

இன்னொன்று. பல மெஷின்களில் 'மினரல்' என்பது ஒரு சின்னத் திருகுதான். டிடிஎஸ் கண்ட்ரோலர் என்பார்கள். வடிகட்டும் சவ்வான மெம்ப்ரேனுக்குள் போகாத கொஞ்சம் தண்ணீரைப் பக்கவழியாக எடுத்து, சுத்தமான தண்ணீரோடு கலந்துவிடும். கால்சியம் வரும், சரி. அந்த போர் தண்ணீரில் நைட்ரேட்டோ ஃப்ளோரைடோ இருந்தால் அதுவும் கூடவே வரும். இதைச் சொன்னபோதுதான் மூன்றாவது மாடி சார், "எல்லாத்துலயும் நெகட்டிவ் பேசாதீங்க மேடம்" என்றார்.

நெகட்டிவ். சார், நான் பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கம். ஃப்ளோரைடும் தாதுதான். நூறு சதவீதம் நேச்சுரல். எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை, தர்மபுரிப் பாறையே இலவசமாகக் கரைத்துக் கொடுத்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கும் மேலே போன தண்ணீரைத்தான் நாங்கள் இறைத்துக் குடித்தோம். என் பெரியம்மா மகள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். அந்தத் தண்ணீரால் முன்பற்களில் காவிப் பட்டை. பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு அம்மா, "பொண்ணு பல் விளக்காதா?" என்று அவள் காதுபடவே கேட்டார். பெரியப்பாவுக்கு அதே தண்ணீரால் முட்டி மடங்காது. கல்யாணப் பந்தியில் எல்லோரும் தரையில் உட்கார, அவருக்கு மட்டும் திண்ணையில் இலை போடுவார்கள். காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013-இல். அதற்குள் அக்காவுக்கே பேரன் பிறந்துவிட்டான். எங்கள் ஊர்த் தண்ணீரைப் பார்த்து அன்றைக்கே யாராவது எத்தனை மில்லிகிராம் என்று கேட்டிருந்தால், அவரையும் நெகட்டிவ் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

நான் எதிர்ப்பது கஞ்சத்தனத்தால் என்று குரூப்பில் எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பணம் கட்டினால் தண்ணீரைப் பரிசோதித்துத் தருவார்கள். அந்தப் பணத்தை நானே கட்டுகிறேன். இந்த வாரமே நம் போரிலிருந்து ஒரு கேன் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் குரூப்பில் போடுவேன், அதற்குள் அட்மின் என்னைத் தூக்காமல் இருந்தால்.