அது என்ன, "மூணு கார்ட்தானா?"

ஒருவர் கிதாரில் மூன்றே மூன்று கார்ட் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கும் பிடி) வாசித்துப் பாடும் அந்த வீடியோவைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லாரும் பார்த்தாயிற்று, சிரித்தும் ஆயிற்று. ஆனால் "ஜி, சி, டி தவிர வேற தெரியாதா?" என்ற கமெண்ட்டுக்கு விழுந்திருக்கும் சிரிப்பு எமோஜிகளைப் பார்த்த பிறகு முடியவில்லை.

வரிதான் முன்னால் நிற்கும் பாட்டில் கிதாரின் வேலை வரிக்கு வழிவிடுவது. வழிவிடவும் கைத்திறன் வேண்டும். நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் திறன் அது இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு முறை கேளுங்கள், கார்ட் பிடிக்கும் இடது கையைப் பார்க்காமல். வரி ஓடும்போது தாளத்தின் முதல் அடிக்கு ஒரே ஒரு பேஸ் கம்பி, அதாவது தடித்த கீழ்ச்சுரக் கம்பி. மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் எல்லாக் கம்பிகளையும் தடவும் முழு ஸ்ட்ரம். சோம்பேறித்தனம் இல்லை ஐயா. மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதற்குக் காரணமான ஒலி ஏறத்தாழ 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியில் படும் 'டிக்' சத்தமும் பெரும்பாலும் அங்கேதான். ஒவ்வொரு அசையின் தலையிலும் தடித்த பிக்கால் அடித்தால் க, ச, த எல்லாம் காணாமல் போகும். அதனால்தான் 1 மி.மீ. பிக்கை வைத்துவிட்டு 0.5 எடுக்கிறார்கள், அல்லது கட்டைவிரல் சதையால் தடவுகிறார்கள். கையும், கம்பிகள் கிதாரின் உடம்பில் முடியும் பிரிட்ஜை விட்டுக் கழுத்துப் பக்கம் நகர்கிறது.

எல்லாரும் முதலில் கற்கும் 'டவுன், டவுன்-அப், அப்-டவுன்-அப்' என்று கீழும் மேலும் வீசும் ஸ்ட்ரம் இருக்கிறதே, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விடாமல் அடித்துப் பாருங்கள். வரியை அதில் திணிக்கக் குறிலை இழுக்க வேண்டிவரும். எழுதியவர் 'படம்' என்று எழுதியிருப்பார், கேட்பவருக்கு 'பாடம்'. வீடியோவில் பாடியவர் ஒரு குறிலைக்கூட இழுக்கவில்லை.

"கேப்போ போட்டு ஏமாத்துறார்" என்று ஒருவர். கேப்போ என்பது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப். அதை 2-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டை) போட்டு ஜி வடிவம் பிடித்தால் ஏ கார்ட் கிடைக்கும். குரலின் கீழ்ச்சுரம் தெளிவாக விழும் சுருதி, கூடவே திறந்த கம்பிகளின் நீண்ட ஒலி, இரண்டும் வேண்டுமென்றால் அதுதான் வழி. ஃப்ரெட்டை ஒட்டி மாட்டாமல் தள்ளி இறுக்கினால் சுருதி ஏறும், மாட்டியபின் ட்யூன் பார்க்காவிட்டால் மானம் போகும். கடைசிவரை அவர் கிதார் பிசகவில்லை. யாராவது கவனித்தீர்களா?

"அப்போ பயிற்சியே வேண்டாமா?" என்று வருவீர்கள். யார் சொன்னது? ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் எஃப் பார் கார்டுக்காக வரி அரை அடி காத்திருந்தால் அது குற்றம்தான். முந்தைய அடியின் கடைசி அப்-ஸ்ட்ரோக்கிலேயே விரலைத் தூக்கிவிட வேண்டும், திறந்த கம்பிகள் ஒலித்துக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. இதற்கும் பயிற்சி வேண்டும். ஒரே வீச்சில் கம்பி கம்பியாகப் பாயும் ஸ்வீப் பிக்கிங் வித்தை இதைக் கற்றுத்தராது.

கனடாப் பாடகி ஜோனி மிட்செலுக்கு 9 வயதில் போலியோ, இடது கையில் பலம் குறைவு. கம்பிகளின் சுருதியையே மாற்றி, எளிய விரலமைப்பில் யாரும் கேட்டிராத கார்ட்களை எடுத்தார். "அவங்க ஜீனியஸ்" என்பீர்கள். சரி, கனடாவின் கவிஞர்-பாடகர் லியோனர்ட் கோஹன்? ஸ்பெயினில் 2011-இல் விருது வாங்கிய உரையில், இளவயதில் ஒருவரிடம் கற்ற ஆறு கார்ட்கள்தான் தன் பாடல்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்றார். ஆறு! உங்கள் கணக்கில் மூன்று கூடுதல், பாஸ் போட்டுவிடுவீர்கள்.

உண்மையில் வலிப்பது கிதார் விஷயமே இல்லை. அத்தனை கமெண்ட்டில் ஒன்றுகூட இரண்டாவது சரணத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று பேசவில்லை. பிடிக்கவில்லை என்றாவது சொல்லுங்கள், வரி மட்டம் என்று திட்டுங்கள், அதுகூட மரியாதைதான். ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது விரலை எண்ணுவது என்ன ரசனை?

ஒன்று செய்யுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். அதே ஜி, சி, டி. பாடிக்கொண்டே முதல் அடியில் மட்டும் பேஸ் கம்பி, மற்ற மூன்று அடிக்கும் கை சும்மா இருக்கட்டும். மூன்றாவது வரிக்குள் கை முந்தும், நான்கு நொடி இடைவெளியைப் பொறுக்காது. முந்தாமல் முழுப்பாட்டையும் முடித்தவர்கள் ரெக்கார்ட் செய்து கீழே போடுங்கள். அப்புறம் உட்கார்ந்து கார்ட் எண்ணலாம்.