இலைக்குள் வாழும் பூஞ்சை எங்கும் ஒன்றுதானா?

‘ஒரு செடிக்குள் வாழும் பூஞ்சை, எங்கே எந்த மாதம் பறித்தாலும் ஒன்றுதான்’ என்று ஒரு பகிர்வு சுற்றுகிறது. தவறு.

புதிதாக விரியும் தளிருக்குள் பெரும்பாலும் பூஞ்சை மிகக் குறைவு. காற்றிலும் மழைத் தெறிப்பிலும் வரும் பூஞ்சை வித்துகள் (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள்) இலைமேல் விழுந்து, முளைத்து, உள்ளே நுழைகின்றன. அதனால்தான் முற்றிய இலையில் கூட்டம் அதிகம்; ஈரமான பருவத்தில் பொதுவாக இன்னும் அதிகம். இடமும் அப்படித்தான். சுற்றியுள்ள மரங்கள், ஈரப்பதம், உயரம் மாறினால் உள்ளே குடியிருப்பவர்களும் மாறுவார்கள். வெப்பமண்டலக் காட்டு இலைகளில் உள்ள வகைகள், ஆர்க்டிக் செடிகளில் இருப்பதைவிட மிக அதிகம்.

சரி, விதிவிலக்கே இல்லையா? உண்டு. சில புற்களில் எபிக்குளோயி என்ற பூஞ்சை விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அங்கேயும் அது உண்டாக்கும் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருளின் அளவு கோடையில் ஒன்று, குளிரில் வேறொன்று.