சகோதர நகர ஒப்பந்தமும் கார்ப்பரேட்டர்களின் வெளிநாட்டுப் பயணமும்

மும்பையும் ஷாங்காயும் 2014-ல் சகோதர நகரங்கள் (ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட நகரங்கள்) ஆனதால், சீன அரசு நம் கார்ப்பரேட்டர்களை, அதாவது மாநகராட்சி உறுப்பினர்களை, யார் அனுமதியும் இல்லாமல் தன் செலவில் அழைத்துப் போகலாம் என்று தாராவி, மாட்டுங்கா நண்பர்கள் பலர் இங்கே பகிர்ந்திருக்கிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் தகவல் சரியல்ல.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010, பிரிவு 6-ன்படி, சட்டமன்ற உறுப்பினர்களும் அரசு ஊழியர்களும் வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். கார்ப்பரேட்டர் அதில் இல்லையே என்று தோன்றும்; குழப்பம் பிறப்பதே இங்கேதான். பிரிவு 2(1)(k)-ஐப் பாருங்கள்: ‘சட்டமன்றம்’ என்பதற்குள் நகராட்சி அமைப்புகளும் அடங்கும். விமானச் செலவு, இலவசத் தங்குமிடம், சாப்பாடு எல்லாமே விருந்தோம்பல்தான். சகோதர நகரம் என்பதற்காக விலக்கு கிடையாது. பயணம் போனபின் திடீரென உடம்புக்கு முடியாமல் போய் அவசர சிகிச்சை பெற்றால் மட்டும் விலக்கு. அதையும் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். முழுச் செலவையும் மாநகராட்சியே ஏற்றால் இந்தப் பிரிவு பொருந்தாது, அது வேறு கேள்வி.

மத்திய அரசின் சட்டங்கள் உள்ள ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் இந்த இரண்டு பிரிவுகளையும் படிக்க ஐந்து நிமிடம் போதும். குறிப்பிட்ட பயணம் பற்றிச் சந்தேகமா? உள்துறை அமைச்சகத்துக்கு ஆன்லைனில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். “அனுமதி பெற்றார்களா, ஏன்?” என்று கேட்டால் பதில் வராமல் போகலாம். வெளிநாட்டு விருந்தோம்பலுக்கு அனுமதி கேட்கும் எஃப்சி-2 படிவத்தின் பேரில், பயணம் நடந்த ஆண்டில் மும்பை மாநகராட்சி உறுப்பினர்களுக்கு எத்தனை அனுமதிகள் தரப்பட்டன என்று எண்ணிக்கையைக் கேளுங்கள்.