நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் போனால்

நெடுஞ்சாலையோரத்துச் சிறு நகரங்களைப் பற்றி நம்மில் பலர் வைத்திருக்கும் அபிப்பிராயம், அந்த நகரங்களுக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காமலே உருவானது. கடற்கரையோ மலைவாசமோ இல்லாத உள்நாட்டில், இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே ஏதோ ஓர் இடத்தில் வண்டியை நிறுத்துகிறோம், எரிபொருள் நிரப்புகிறோம், கை கால்களை உதறிக்கொண்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்து, "இந்த ஊரில் ஒன்றுமே இல்லை" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். நாம் நின்ற இடத்திலிருந்து ஊர் இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது என்பது தீர்ப்பு எழுதும்போது நினைவுக்கு வருவதில்லை.

நீண்ட பயணங்களில் இப்படிப்பட்ட ஒரு நகரத்தின் மையப்பகுதிக்காவது போய்வருவது என்பதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். விடுமுறை நாளாக இருந்தால் தவிர்த்துவிடுவேன், ஏனென்றால் அன்று எந்த ஊரும் வெறிச்சோடித்தான் கிடக்கும். வேலை நாளில், முற்பகல் பதினொரு மணி சுமாருக்குப் போய், பிரதான வீதியின் ஒரு பக்கமாக நடந்து மறுபக்கமாகத் திரும்புவேன். ஒரு மணி நேரம் போதும். மேல்மாடிகளைப் பார்க்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். தரைத்தளக் கடைகள் ஆண்டுக்கொரு முகப்பை மாட்டிக்கொள்ளும்; மேலே கட்டடம் எழுந்த ஆண்டு, முதலில் கட்டியவரின் பெயர், சுண்ணாம்புக்கடியில் மங்கித் தெரியும் பழைய விளம்பர எழுத்து எல்லாம் அப்படியே இருக்கும்.

சென்ற முறை போன நகரத்தில் மையத்துக்குத் திரும்பும் வழியையே தவறவிட்டு, அடுத்த சந்திப்பு வரை போய்த் திரும்பி வந்தேன். வீதியில் மூன்றில் ஒரு கடை பூட்டியிருந்தது. ஒரு கடிகாரப் பழுதுக் கடையின் கதவில், "ஒரு மணிக்கு வந்துவிடுவேன்" என்று கையால் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான். ஆனால் வந்தவர் காத்திருப்பார், இல்லாவிட்டால் மறுபடி வருவார் என்ற நம்பிக்கை இருந்தால்தானே ஒரு கடைக்காரர் அப்படி எழுதி ஒட்டுவார்? நெடுஞ்சாலைச் சந்திப்பில் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் எந்தக் கடையிலும் அப்படியொரு தாளைப் பார்க்க முடியாது.

இத்தகைய மையங்கள் வாடுவதற்குப் புறவழிச்சாலையே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. புறவழிச்சாலை வருவதற்கு முன் அதே வீதியில் இரவும் பகலும் சரக்கு லாரிகள் போய்க்கொண்டிருந்தன; வீதியைக் கடக்கவும் அஞ்சி, எதிரில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்த அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல என்னால் முடியாது. போக்குவரத்து போன பிறகு ஊர் என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி.

ஆஸ்திரேலியாவில் சிட்னியையும் மெல்போர்னையும் இணைக்கும் ஹியூம் நெடுஞ்சாலை இதற்கு நல்ல பாடம். அந்த வழியிலுள்ள கோல்பர்ன், 1863-இல் நகரத் தகுதி பெற்று, அந்நாட்டின் முதல் உள்நாட்டு நகரம் என்று பெயர் பெற்றது. பூங்காவைப் பார்த்து நிற்கும் அதன் குவிமாட நீதிமன்றம் 1887-ஆம் ஆண்டுக் கட்டடம். கம்பளித் தொழிலுக்குப் பேர்போன அந்த ஊரில் 1985-இல் பதினைந்து மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட்டில் ஒரு செம்மறிக் கடாவைக் கட்டினார்கள். 1992-இல் புறவழிச்சாலை திறந்தது; கடாவைப் பார்க்க வருவோர் குறைந்தார்கள்; 2007-இல் அந்தக் கடாவையே பெயர்த்து நெடுஞ்சாலைச் சந்திப்பின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வியாபாரக் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கடாவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே வண்டியேறுகிறவருக்கு அந்த நீதிமன்றம் கண்ணில் படப்போவதில்லை.

அதே நெடுஞ்சாலையில் ஹோல்புரூக் என்ற சிற்றூர் இருக்கிறது. முதல் உலகப்போரின்போது ஜெர்மானியத் தொனி கொண்ட பழைய பெயரைக் கைவிட்டு, ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கித் தளபதியின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஊர் அது. 1990-களில், பணி ஓய்வு பெற்ற ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மேற்பகுதியை வாங்கி ஊர்ப் பூங்காவின் புல்தரையில் நிறுத்தினார்கள். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு நீர்மூழ்கி! 2013-இல் புறவழிச்சாலை வந்த பிறகும் கப்பல் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்க்க விரும்புகிறவர் சாலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். என் வாக்கு இந்த ஊருக்கே.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செலிக்மன் என்ற ஊரை 1978-இல் புதிய நெடுஞ்சாலை ஒதுக்கிவிட்டுப் போனபோது, அங்கே முடிதிருத்தகம் நடத்திவந்த ஏஞ்சல் டெல்காடியோ சும்மா இருக்கவில்லை. 1987-இல் மற்றவர்களோடு சேர்ந்து சங்கம் அமைத்து, கைவிடப்பட்ட அறுபத்தாறாம் எண் சாலையின் ஒரு பகுதியை வரலாற்றுச் சாலையாக மாநில அரசை அறிவிக்கச் செய்தார். இன்று அந்தப் பழைய சாலைக்காகவே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இதற்காக ஒவ்வோர் ஊரும் ஒரு கப்பலையோ பழைய சாலையையோ தேடி அலைய வேண்டியதில்லை. வாகனங்களைத் தடுத்துவிட்டால் மக்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்பதும் பாதி உண்மைதான். பேரங்காடிகளை வடிவமைத்த கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயனின் திட்டத்தைத் தொடர்ந்து, அமெரிக்காவின் கலமசூ நகரம் 1959-இல் தன் கடைவீதியை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. 1998-இல் அதன் ஒரு பகுதியில் மறுபடியும் வாகனங்களை விட்டது. வந்து நடப்பதற்கு ஒரு காரணம் இல்லாத வீதியில் கல் பாவினாலும் மரம் நட்டாலும் பயன் குறைவு. அந்தக் காரணம் பெரும்பாலும் மிகச் சாதாரணமானது: அஞ்சல் நிலையம், நூலகம், நீதிமன்றம், வங்கி, பேருந்து நிற்கும் இடம். இடவசதி, வாகன நிறுத்தம் என்று சொல்லி இவற்றை ஒவ்வொன்றாகப் புறவழிச்சாலைப் பக்கம் நகர்த்துகிற நிர்வாகம், பிறகு வீதிக்கு அலங்கார விளக்கு போடுவதில் எனக்குச் சலிப்புதான் வருகிறது. அஞ்சல் நிலையத்துக்கு வருகிறவர்தான் போகிற வழியில் கடிகாரத்தையும் பழுதுபார்க்கக் கொடுக்கிறார்.

கடிகாரக் கடைக்காரர் ஒன்று ஐந்துக்கு வந்து, தாளைக் கிழிக்காமல் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டினார். என்னிடம் பழுதான கடிகாரம் எதுவுமில்லை, பட்டையை மாற்றிக்கொண்டேன். எந்தச் சந்திப்பில் திரும்பி வந்தீர்கள் என்று அவர் கேட்க, தவறவிட்டதைச் சொன்னேன். எல்லோரும் தவறவிடுகிறார்கள், பலகை இருக்கிறது, ஆனால் தெரியாது என்றார். திரும்பும்போது வேகத்தைக் குறைத்துத் தேடிப் பார்த்தேன். சந்திப்பிலுள்ள புதிய அங்காடியின் விளம்பரத் தட்டிக்குப் பின்னாலிருந்து, "நகர மையம்" என்பதில் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.