ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்று சொல்லி வருகிறவர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, நரிப்பையூர் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. பதநீர் காலம் வந்தால் ஏதாவது ஓர் ஊரில் ஒருவர் பனையிலிருந்து விழுந்துவிடுவார். தண்டுவடம் அடிபட்டால் இடுப்புக்குக் கீழே உணர்வே இருக்காது. என் பெரியப்பா மகன் சில வருஷமாக அப்படித்தான் படுத்திருக்கிறார்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்கு ஓர் ஏஜென்ட் வந்திருக்கிறார். ஸ்டெம் செல் (உடம்பின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல்), நானோ மருந்து, மூன்று ஊசி, எழுந்து நடந்துவிடலாம், சில லட்சம் ஆகும். கலர் நோட்டீஸ் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காதில் கிடப்பதையும் வீட்டடி மனையையும் விற்கலாமா என்று மதினி என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவர்களைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற வீடுகளுக்காக, ஏன் என்பதை எழுதுகிறேன்.

நோட்டீஸில் இருக்கும் அறிவியல் பொய்யில்லை. ஆபத்தே அதில்தான். கையில், காலில் ஓடும் நரம்பு அறுந்தால் ஓரளவு திரும்ப வளரும். தண்டுவட நரம்பு அப்படி வளராது, அடிபட்ட இடத்தில் தழும்பு கட்டி வழியை மறித்துவிடும். அந்த இடத்தில் நரம்பு வளர வைக்கத்தான் உலகம் முழுக்கப் பாடுபடுகிறார்கள். 2021-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழுவினர், மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய நானோ இழைகளாகச் சேரும் மருந்து ஒன்றை முடங்கிய எலிகளுக்குப் போட்டார்கள். ஒரே ஊசி. நாலு வாரத்தில் எலிகள் நடந்தன. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஐ.பி.எஸ். செல்லிலிருந்து (சாதாரண செல்லை மாற்றி உருவாக்கும் ஒருவகை ஸ்டெம் செல்) வளர்த்த நரம்பு செல்களை நாலு நோயாளிகளுக்கு வைத்தார்கள். அதில் இரண்டு பேருக்கு நல்ல முன்னேற்றம், ஒருவர் தானாக எழுந்து நிற்கிறார் என்று 2025-இல் அறிவித்தார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் எலிக்கு ஊசி போட்டது அடிபட்ட மறுநாள். ஜப்பானில் செல் வைத்தது அடிபட்ட 14 முதல் 28 நாளுக்குள். அதுவும் நாலே பேர். சில வருஷமாகப் படுத்திருக்கும் என் அண்ணனுக்கு இது பலிக்கும் என்று இன்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

மருத்துவ ஆராய்ச்சிக்கான மத்திய அரசு அமைப்பான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அதனால் வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்: பதிவு எண் என்ன? ஆய்வு என்றால் காசு எதற்கு?

அண்ணனுக்கு இன்று வேண்டியது வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மதினி அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள், ராத்திரியிலும். ஒரு ராத்திரி அசந்து தூங்கினால் காலையில் வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் படுக்கைப்புண், அப்புறம் எலும்பு வரை சீழ். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைக்காவிட்டால் கிருமி கிட்னிக்கு ஏறும். இப்படிப் படுத்திருப்பவர்களில் பலரின் உயிரை எடுப்பது இவைதான். இதையெல்லாம் மதினிக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அதைவிட வயிற்றெரிச்சல், விழுந்த அன்று அவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோனது. தூக்கியவர்கள் பாசத்தில்தான் தூக்கினார்கள். ஆனால் தண்டுவடத்தில் மிச்சமிருப்பதும் அப்படித்தான் போகும். விழுந்தவரை அசைக்காமல், கழுத்து திரும்பாமல் பார்த்துக்கொண்டு 108-க்குச் சொல்லுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு பலகையில் நேராகப் படுக்க வைத்துத் தூக்குங்கள். ஒவ்வொரு பனையேறி வீட்டுக்கும் இது தெரிய வேண்டும்.

ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்று தனிப் படுக்கைகளும், வீட்டார்க்குப் பராமரிப்புப் பயிற்சியும் வேண்டும். நாளைக்கு இந்த நானோ, ஸ்டெம் செல் ஆய்வுகள் நம் நாட்டில் நடக்கும்போது எங்கள் பிள்ளைகளும் அதில் சேர, அடிபட்ட சில நாளிலேயே அந்த வார்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த நோட்டீஸ் உங்கள் ஊருக்கும் வந்திருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில், வார்டு கேட்கும் மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.